பெட்டிக்கு ஒரு குடம்

இனிமேல் தண்ணி லாரிக்கு முன்னால் குடத்தோடு நிற்பதில்லை என்று உத்தமன் முடிவு கட்டினான். பருத்திப்பட்டு ஏரிக்குள் கிரிக்கெட் மேட்ச் நடந்துகொண்டிருந்த கோடை அது. ஆவடியில் பீரங்கி வண்டிக்கே நட்டு முடுக்குகிற கை, பச்சைப் பிளாஸ்டிக் குடத்தைப் பிடித்துக்கொண்டு முப்பது பெண்களுக்கு நடுவில் நிற்பதா?

எதிர்வீட்டு முனியம்மா வேறு, “இன்னா அண்ணாத்தே, இடுப்புல வெச்சா இன்னும் அழகா இருக்கும்!” என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினாள். உத்தமனும் உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவன்தானே? அந்த ரோஷத்தில், கடலிலிருந்தே உப்பை எடுத்துவிடுவது என்று கிளம்பினான்.

“துபாய்ல அல்லாரும் கடலத்தான் குடிக்கிறான் வனஜா. பேப்பர்ல போட்டுகீறான். ஒரு பொட்டி செஞ்சி வெச்சா போதும். பத்தலியா, பக்கத்துல இன்னொண்ணு. பொட்டி பொட்டியா சேத்துகினே போலாம்.”

“ஒரு பொட்டிக்கு எவ்ளோ வரும்?” என்றாள் மனைவி வனஜா, அரிசி புடைத்தபடி.

“டெய்லி ஒரு குடம்!” வாய்க்கு வந்தது அதுதான்.

“வரலன்னா?”

“ஆயுசுக்கும் நானே லாரில புடிக்கிறேன். வந்துச்சின்னா, இந்த ஜென்மத்துல என்ன லாரிக்கு அனுப்பக் கூடாது.”

“சரி, வெள்ளிக்கிழம பாக்கறேன்.”

அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே உத்தமன் உஷாராகியிருக்க வேண்டும்.

மீன் வண்டி ஓட்டும் கன்னியப்பன் காசிமேட்டிலிருந்து ஆறு கேன் கடலைக் கொண்டுவந்து இறக்கினான். மொட்டை மாடியில் கறுப்புப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. மேலே சாய்வாக ஒரு கண்ணாடி. உள்ளே வங்காள விரிகுடா. வெயிலில் ஆவி கிளம்பி, கண்ணாடியில் வழிந்து, குழாய் வழியாகக் குடத்தில் சொட்டியது. விஞ்ஞானத்தில் ஒரு குறையும் இல்லை. நாள் முழுக்கச் சொட்டி ஒன்றரை டம்ளர் தந்தது. அதில் ஒரு டம்ளரை ருசி பார்க்கிறேன் என்று விஞ்ஞானியே குடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை, வனஜா தையல் கிளாசுக்குப் போனதும், உத்தமன் சைக்கிளை எடுத்தான். தெரிந்த முகமே இல்லாத நெமிலிச்சேரிக்குப் போய், அங்கே வந்த லாரிக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்று ஒரு குடம் பிடித்தான். கேரியரில் கட்டிக் கொண்டுவந்து மாடிக் குடத்தில் ஊற்றினான்.

வனஜா வந்து பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள். “அய்ய, ரொம்பிகீது! நீ மூளக்காரன்யா!”

உத்தமன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். ஆனால் மறுநாள் பெட்டி லீவு போட முடியுமா? தினமும் நெமிலிச்சேரி.

நாலாம் நாள் வனஜா சொன்னாள்: “எங்கக்கா வருது. இன்னொரு பொட்டி வெய்யி. நீதான சொன்ன, சேத்துகினே போலாம்னு?”

கேரியரில் இரண்டு குடம். அடுத்த வாரம் மூன்றாவது பெட்டி. மூன்றாவது குடம் ஹேண்டில்பாரில். நெமிலிச்சேரிப் பெண்கள் இப்போது, “மாப்ள இன்னும் வரல!” என்று அவனுக்கு இடம் போட்டு வைத்தார்கள்.

அப்புறம் ஒருநாள் முனியம்மாவே மாடியேறி வந்தாள். “அண்ணாத்தே, எனக்கும் ஒரு பொட்டி போட்டுக் குடேன்.”

“அது... ரொம்ப கஷ்டம்மே.”

“இன்னா கஷ்டம்? உம் பொண்டாட்டி சரின்னுட்ச்சே!”

உத்தமன் மனைவியைப் பார்த்தான். வனஜா குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, நிதானமாக மோந்து பார்த்தாள்.

“ஏன்யா, கடலுக்கும் இப்ப பிளீச்சிங் பவுடர் போடறாங்களா? அப்படியே லாரித் தண்ணி வாட.”

உத்தமன் சட்டைப் பையிலிருந்து சைக்கிள் சாவியை எடுத்தான்.

“முனிம்மா,” என்றான், “உன் குடத்தக் குடு.”