மாமனாருக்கு ஏற்காடு காட்டிய கதை

கல்யாணமான புதிதில் ஒரு ஆண்பிள்ளையின் வாயில் 'தெரியாது' என்ற சொல் வருவதே இல்லை. மனைவி கேட்டாலே வராது. கேட்பவர் மாமனாராக இருந்துவிட்டால், அந்த ஊரையே தான்தான் அளந்து கல் நட்டது போலப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுகிறான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குச் சேலத்தில் வங்கிக் குமாஸ்தா வேலை, ஃபேர்லேண்ட்ஸில் வாடகை வீடு, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமனாருக்கு ஓமலூர்ப் பக்கம் தோட்டம். அதிகம் பேசாத மனிதர். ஒரு நாளைக்கு அவர் பேசுவதில் பெரும்பகுதி மாடுகளிடம் போய்விடும். மிச்சத்தில்தான் மனிதர்களுக்குப் பங்கு. (அதிலும் மாப்பிள்ளையின் பங்கு ரொம்பக் கம்மி.)

அந்த வருஷம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். கட்டுப் பிரித்து, தடிக் கண்ணாடி மாட்டிய பிறகு, தினமும் மொட்டை மாடிக்குப் போய் சேர்வராயன் மலையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் காப்பி எடுத்துக்கொண்டு போன என்னிடம் கேட்டார்.

"ஏனுங் மாப்ள, பொறந்ததுல இருந்து கீழ நின்னே இந்த மலையப் பாத்துட்டு இருக்கறனுங்க. மேல நின்னு பாத்தா நம்மூரு தெரியுமுங்களா?"

அதுவரை அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். நான் உருகிப்போனேன். நன்றாகத் தெரியும் என்றேன். அதற்கென்றே மலையில் தனித்தனி இடங்கள் இருக்கின்றன, எல்லாம் எனக்கு அத்துப்படி, நானே காரில் அழைத்துப்போய் ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன் என்றேன்.

எனக்கும் ஏற்காட்டுக்கும் இருந்த உறவைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கும்போது ஒரே ஒருமுறை சுற்றுலா போனேன். பஸ் ஏறியதும் தூங்கி, ஏரிக்கரையில் எழுந்து, போண்டா தின்று, திரும்பவும் பஸ்ஸில் தூங்கிச் சேலத்தில் எழுந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஏற்காடு.

கார் என் சிநேகிதன் குமாரசாமியுடையது. நாமக்கல்லில் லாரித் தொழில் செய்யும் குடும்பம். அவன்தான் தன்னுடைய வெள்ளை அம்பாசிடரில் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். ஓமலூர் ரோட்டில், வளைவே இல்லாத இடமாகப் பார்த்து. சாவியைக் கொடுக்கும்போது, மலையில் ஓட்டிப் பழக்கம் உண்டா என்று கேட்டான். அவனிடமும் உண்டு என்றுதான் சொன்னேன். (ஒருத்தருக்குச் சொன்னதையே எல்லாருக்கும் சொன்னால் ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம்.)

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கீழே நல்ல வெயில். என் மனைவி சரோஜா முன்சீட்டில், மாமனார் பின்சீட்டில். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இது ஓமலூர் ரோடு இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப வண்டி திரும்பிக்கொண்டே இருந்தது, எதிரே பஸ் வந்துகொண்டே இருந்தது. பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டது. "எஞ்சின் ஆறட்டுமுங்க மாமா, மலையில இப்படித்தான் நிறுத்தி நிறுத்தி ஏத்தணும்" என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். சரோஜாவோ எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடியவள்தான், மேலே போய்ச் சேர்ந்த பிறகும் திறக்கவில்லை, வண்டியைவிட்டு இறங்கவும் இல்லை. மலை ரோட்டில் வாந்தி வராமலிருக்க அதுதான் அவளுக்குத் தெரிந்த வழி.

ஏரிக்கரையில் குளிர் அதிகமாக இருந்தது. அங்கே ஒரு கடையில் மாமனாருக்குப் பழுப்பு நிறச் சால்வையும் காதை மூடும் குரங்குக் குல்லாவும் வாங்கிக் கொடுத்தேன். அன்று ஏற்காட்டுக்கு வந்த பெரியவர்கள் எல்லாருக்கும் அவர்கள் வீட்டார் அதே கடையில் அதையேதான் வாங்கிக் கொடுத்திருந்தார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. டீக்கடைக்காரரிடம், மாமனார் காதில் விழாதபடி, நல்ல காட்சி தெரிகிற இடம் எது என்று விசாரித்தேன். முதலில் பகோடா பாயிண்ட், அப்புறம் லேடீஸ் சீட் என்றார். சேலம், ஓமலூர், மேட்டூர் எல்லாம் லேடீஸ் சீட்டிலிருந்துதான் தெரியுமாம்.

பகோடா பாயிண்டில் ஒன்றும் தெரியவில்லை. மூட்டம். மலை விளிம்பில் நின்று ஒரு வெள்ளை வேட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. கையை நீட்டி, அந்தப் பக்கம் தெரிவது ஆத்தூர் ரோடு, இந்தப் பக்கம் தெரிவது காடு என்று மாமனாருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவரும் நான் காட்டிய பக்கமெல்லாம் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் என் கையே எனக்குத் தெரியாத அளவுக்கு மூட்டம் இறங்கியது. அடுத்தது லேடீஸ் சீட் என்று சொல்லி, அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு ஓடிப்போய் வண்டியைக் கிளப்பிப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். திரும்பி வந்து, பழுப்புச் சால்வையின் முழங்கையைப் பிடித்து, "வாங்க மாமா, பாத்துங்க, கல்லு இருக்குதுங்க" என்று கைத்தாங்கலாக நடத்திவந்து, பின்சீட்டில் உட்காரவைத்து, சால்வையின் நுனி மாட்டாமல் கதவைச் சாத்தினேன்.

லேடீஸ் சீட்டுக்குப் புறப்பட்டோம். சரோஜா கண்ணை மூடியபடியே இருந்தாள். பின்னாலிருந்து சத்தமே இல்லை. மாமனாரிடம் அது வழக்கம்தானே. அந்த மௌனத்தை நிரப்பப் பேச ஆரம்பித்தேன். வங்கியில் மேனேஜர் என் பேச்சைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்றேன். சீக்கிரமே சொந்தமாக ஒரு கார் வாங்கப்போவதாகச் சொன்னேன். பேசப் பேச மூட்டம் அடர்ந்தது. ரோட்டின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்பது நினைவிருந்தது, எந்தப் பக்கம் எது என்பதுதான் மறந்துவிட்டது. ஒரு வளைவில் டயர் மண்ணில் இறங்கி ஏறியது. அந்த நொடியில் என் பெருமையெல்லாம் கரைந்து உண்மை தானாக வெளியே வந்துவிட்டது.

"மாமா, உங்ககிட்ட மறைக்கக் கூடாதுங்க. நான் மலையில வண்டி ஓட்டறது இன்னிக்குத்தான் மொதத் தடவைங்க. இந்த ரோடும் எனக்குத் தெரியாதுங்க."

பின்சீட்டிலிருந்து, நான் வாழ்க்கையில் கேட்டேயிராத ஒரு குரல் நிதானமாகச் சொன்னது:

"அப்ப வண்டிய நிறுத்துப்பா. நான் எறங்கிக்கிறேன்."

நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பதைவிட, காலும் கையும் தாமாக விட்டுவிட, வண்டி ஒருமுறை குதித்துத் தானே நின்றது. திரும்பிப் பார்த்தேன். அதே சால்வை, அதே குல்லா, தடிக் கண்ணாடி. உள்ளே வேறு ஒரு மனிதர்.

சரோஜா மலை ஏறிய பிறகு முதன்முறையாகக் கண்ணைத் திறந்தாள். பின்சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எங்கப்பா எங்கீங்க?" என்று கேட்டாள். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

பெரியவர் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "தம்பி, என்னைக் கடத்திக்கினு போயி உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. எம் புள்ள அஞ்சு காசு குடுக்க மாட்டான்" என்றார்.

அவர் ஆத்தூரில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிட்டையரானவர். மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு வெள்ளை அம்பாசிடர் ஒன்றை டிரைவரோடு வாடகைக்கு எடுத்து வந்திருக்கிறார். பனியில் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. முன்சீட்டில் சாய்ந்து கிடந்தது மருமகள் என்று நினைத்துக்கொண்டாராம். டிரைவர் குரல் மாறியிருந்தது தெரியவில்லையா, மகனும் பேரப்பிள்ளைகளும் ஏறாதது தெரியவில்லையா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் என்னை இன்னும் விட்டு நீங்கவில்லை. கையைப் பிடித்து இத்தனை மரியாதையாக அவரை யாரும் இதற்கு முன் காரில் ஏற்றியதே இல்லையாம். அதனால் கேள்வி கேட்கத் தோன்றவில்லையாம்.

வண்டியைத் திருப்பினேன். எப்படித் திருப்பினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வழியில் எதிரே ஒரு வெள்ளைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. அதில் யார் இருந்தார்கள் என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை. என் மனதில் ஒரே படம்தான் ஓடியது. கண் ஆபரேஷன் செய்துகொண்ட மனிதர், மூட்டத்தில், விளிம்பில். நிற்கச் சொன்னது நான். சரோஜா அழவில்லை. மடியில் கிடந்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டே வந்தாள்.

பகோடா பாயிண்டில் கார் எதுவும் இல்லை. ஆள் அரவமும் இல்லை. சரோஜா இறங்கி ஓடி, "அப்பா, அப்பா" என்று மூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். பதில் இல்லை. நான் பாறை விளிம்பை நோக்கி நடந்தேன். பாதி தூரத்தில் உட்கார்ந்தேன், அப்புறம் தவழ்ந்தேன். விளிம்புக்குப் போய்த் தலையை நீட்டிய நேரம் பார்த்து மூட்டம் ஒரு கணம் விலகியது. அடியில், எங்கோ, மரங்கள் பாசி மாதிரி தெரிந்தன. அவ்வளவுதான். அதற்குமேல் என் உடம்பு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாமா" என்று பள்ளத்தைப் பார்த்து முனகினேன். கடைசியில் போஸ்ட்மாஸ்டர்தான் வந்து, சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். (கடத்தப்பட்டவரே கடத்தியவனைக் காப்பாற்றினார் என்று அவர் பிற்காலத்தில் இதைச் சொல்வது வழக்கம்.)

அப்போது மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அவித்த கடலை விற்கிற அம்மாள். நாங்கள் யாரைத் தேடுகிறோம் என்று விசாரித்தார். சொன்னோம்.

"குல்லாப் போட்ட பெருசுங்களா? அவரு இங்கத்தான் நின்னாருங்க. ஒரு காருக்காரங்க அவங்கய்யனக் காணோம்னு கத்துனாங்க. இவருதான், எங்க மாப்ள கூட்டிட்டுப் போயிட்டாருங்க, லேடீஸ் சீட்டுக்குத்தான் போவாரு, வாங்க போலாம்னு அவங்களச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டுப் போனாருங்க."

சரோஜா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். போஸ்ட்மாஸ்டர் எங்கள் மூன்று பேருக்கும் கடலை வாங்கினார்.

லேடீஸ் சீட்டில் மூட்டமே இல்லை. பளிச்சென்ற வெயில். கீழே சமவெளி முழுவதும் விரிந்து கிடந்தது. பெண்கள் உட்காரும் இடம் என்று பெயர் இருப்பதால் மாமனார் உட்காராமல் தள்ளி நின்றுகொண்டிருந்தார். போஸ்ட்மாஸ்டரின் பேத்தி அவர் விரலைப் பிடித்திருந்தது. வாழ்நாளில் பேசாத பேச்சையெல்லாம் அவர் அந்தக் குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்தா மேட்டூர்த் தண்ணி, இந்தா ஓமலூரு, அந்தத் தென்னைகளுக்கு மேக்கால தெரியுது பாரு சாமி, அதுதான் நம்ம ஊடு. நானும் எட்டிப் பார்த்தேன். எனக்குத் தூசியும் வெயிலும்தான் தெரிந்தன. குழந்தை மட்டும், ஆமா தாத்தா, மாடுகூடத் தெரியுது என்றது.

சரோஜா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் என்னைத் திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "நீங்க சொன்னது நெசந்தானுங் மாப்ள. நல்லாத் தெரியுதுங்க" என்றார். என் நெஞ்சிலிருந்து ஒரு மலை இறங்கியது.

திட்டும் வேலையைப் போஸ்ட்மாஸ்டரின் மகன் ஏற்றுக்கொண்டார். உங்களுக்கெல்லாம் கண் இல்லையா என்பதில் ஆரம்பித்தார். "விடுடா, உன்னவிட மரியாதையா ஏத்தினாரு" என்று அவர் அப்பா அடக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். போஸ்ட்மாஸ்டர் மாமனாரைத் தனியாக அழைத்துப்போய் ஏதோ காதோடு சொன்னார். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமனார் மெதுவாக என்னிடம் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்குக் களைப்பாக இருக்குமே என்று விசாரித்தார். பிறகு, "அவங்க டிரைவரு நம்ம வண்டிய எறக்கித் தாரேன்னு சொல்றாருங்க. அவங்க வண்டிய அவங்க பையனே ஓட்டிக்குவாருங்களாம்" என்றார்.

ஒரு ஆண்பிள்ளைக்கு இதைவிட அவமானம் வேண்டியதில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், சாவியை அந்த டிரைவர் கையில் வைத்தபோது எனக்கு வந்த நிம்மதி அதற்குப் பிறகு சொந்தக் கார் வாங்கியபோதுகூட வரவில்லை. மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்சீட்டில் சரோஜாவின் தோளில் சாய்ந்து, கண்ணை மூடி, கையில் மிச்சமிருந்த கடலையோடு அடிவாரம் வரை வந்தேன்.

போஸ்ட்மாஸ்டர் குடும்பம் எங்கள் மகன் காதுகுத்துக்கு ஆத்தூரிலிருந்து அதே வாடகைக் காரில் வந்தது. பேத்தியின் கல்யாணத்துக்கு நாங்கள் போனோம். மாமனார் கடைசிவரை, யார் கார் வந்து நின்றாலும், குனிந்து டிரைவர் முகத்தைப் பார்த்து, "நம்ம வண்டி தானுங்களே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். எனக்கு இப்போது வயது அவருடைய அன்றைய வயதைத் தாண்டிவிட்டது. கார் ஓட்டும்போது என் பேச்சு கொஞ்சம் நீண்டு, நான் பெருமையடிக்க ஆரம்பித்தால், சரோஜா மெதுவாகப் பின்சீட்டைக் காட்டி, "ஏனுங்க, யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்துட்டுப் பேசுங்க" என்பாள். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொள்வாள். பேரன் அடக்கிக்கொள்வதில்லை.

நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வேன். நம்மவர்கள்தான்.