கிடங்குக் கணினி

வேறு வேலை கிடைக்கும்வரை வீட்டில் மூச்சுவிடுவதில்லை என்று அவர் சபதம் எடுத்தபோது, இருந்த வேலை போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் அவர்தான் காவல். வைரஸ் தடுப்பு லைசன்ஸ் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதெல்லாம் அவர் கையில். கம்பெனி தேய ஆரம்பித்ததும் அந்தக் கையிலேயே பாசக்கயிறு ஏறிக்கொண்டது. ஆளை அனுப்புமுன் லைசன்ஸை எடுக்கச் சொல்லிவிடுவார் மேலாளர். திரை மூலையில் பச்சைக் கேடயம் சிவப்பாகும். ‘உங்கள் நிர்வாகியை அணுகவும்’ என்று வரும். அணுகவெல்லாம் வேண்டாம், பையைக் கட்டினால் போதும். அலுவலகத்தில் அவருக்கு எமன் என்று பேர். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கடைசியில் மேலாளர், “உங்களுதையும் நீங்களே எடுத்துடுங்க சார். வேற யாருக்கும் அது தெரியாது” என்றார்.

எடுத்தார். தொழில் சுத்தம். பட்டியலில், மூடிப்போன கிடங்கின் பேரில் ஒரு கணினி இன்னும் நிற்பதைப் பார்த்து, இது எதற்குத் தண்டமாக என்று அதையும் எடுத்தார்.

மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸோடு பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்தார். இடிந்துபோன முகத்தை அங்கேதான் யாரும் ஏனென்று கேட்பதில்லை. ஒரே ஒரு அம்மாள் மட்டும், “உங்களுக்கு யாருங்க உள்ள?” என்றாள். “நான்தாம்மா” என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

மாலையில் மனைவி விடமாட்டாள்.

“இன்னைக்கு யாருக்குச் சிவப்பு?”

“கணக்குப் பிரிவுல ஒருத்தர். பாவம்.”

“அழுதாரா?”

“அழுதார்.”

“பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டாராமா?”

அவர் சோற்றை மறுபடி பிசைந்தார். “சொல்லாம இருப்பாரா?”

“இருந்தா அவரை மாதிரி முட்டாள் கிடையாது” என்று தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

ஒரு மாலை, விண்ணப்பம் அனுப்ப வீட்டுக் கணினியைத் திறந்தார். பழைய கடவுச்சொல் செல்லவில்லை. ‘உங்கள் நிர்வாகியை அணுகவும்.’

“ஏம்மா, இதுக்கு யாரு நிர்வாகி?”

“நான்தான்.”

“நீயா?”

“கிடங்குன்னு பேர் வச்சு, ஆபீஸ் லைசன்ஸை இதுல ஓசியில போட்டீங்களே, அது அன்னைக்கு மத்தியானமே சிவப்பாயிடுச்சு. சிவப்புன்னா என்னன்னு நீங்கதானே சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னீங்க?”

தானே வைத்த பேர் அவருக்கு மறந்தே போயிருந்தது. அந்தக் கிடங்கு! எமன் தன் வீட்டு வாசலிலேயே கயிற்றை வீசியிருக்கிறான்.

“அப்ப, நான் தினமும்...”

“சட்டையெல்லாம் பினாயில் வாசனை. உங்களுக்குத்தான் ஏதோ வியாதின்னு முதல்ல பயந்தே செத்தேன். பின்னாலயே வந்து பார்த்தேன். தூண் ஓரமா உட்கார்ந்து, கட்டிக் குடுத்ததைத் தனியாச் சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க. கூப்பிட வாய் வரலை.”

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“நீங்க ஏன் என்கிட்ட சொல்லலை?”

அவர் பழைய கடவுச்சொல்லையே இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார்.

“பகல்ல ஒரு டாக்டருக்கு இதுலதான் கணக்குப் பார்க்கறேன். அதுக்கு ஓசிக் காவல் ஆகாதே? சொந்தமா லைசன்ஸ் வாங்கி, கடவுச்சொல்லையும் மாத்திட்டேன்.”

“எனக்கு விண்ணப்பம் அனுப்பணுமே...” என்றார்.

அவள் குனிந்து நாலு தட்டுத் தட்டினாள். திரையில் அவருக்கும் ஓர் இடம் பிறந்தது. பெயர்: விருந்தினர்.

“இப்போதைக்கு ஒரு மாசத்துக்குப் போட்டிருக்கேன். உண்மை பேசினா புதுப்பிக்கலாம்.”