மிரர்லெஸ்ஸா, ஃபுல் ஃப்ரேமா? மன்றத்தின் மாபெரும் விவாதம்

உலகப் போர்களை நிறுத்திய மாநாடுகளுக்குச் சற்றும் குறையாத மாநாடு ஒன்று, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் மூன்று ஆண்டுகளாக நடந்துவருகிறது. ‘கிள்ளான் பள்ளத்தாக்கு பயணப் புகைப்பட மன்றம்’ என்று பெயர். பயணத்துக்கு ஏற்றது மிரர்லெஸ் கேமராவா, ஃபுல் ஃப்ரேம் கேமராவா என்று முடிவாகும்வரை எங்கும் பயணம் போவதில்லை என்பது முதல் தீர்மானம். அதை உறுப்பினர்கள் உயிரைப்போலக் காத்தார்கள்.

தலைவர் மாரிஸ் நடுநிலையின் சிகரம். வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்குச் சபா மாநிலம் போய், குண்டசாங்கில் மலை விடிவதைப் பார்க்கலாம் என்று மனைவி மகதலேனாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளிவிழா வந்தது, போனது. இப்போது இருபத்தெட்டு.

“லீவு போட்டுட்டேங்க. இந்த வருஷமாச்சும் போவோமா?”

“அவசரப்படாதே லா. வெறுங்கையோட போனா மலை என்ன நினைக்கும்?”

மிரர்லெஸ் அணிக்குத் தலைவர், தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட லோகன். “உள்ளே கண்ணாடியே இல்ல தலைவரே! எடை கம்மி!”

“எடை கம்மின்னா காத்துல பறந்துடும்,” என்று மேசையைக் குத்தினார் ஃபுல் ஃப்ரேம் அணித் தலைவர் குரு. “படம் பதியிற சென்சார் பெருசா இருக்கணும்!”

தே தாரிக் தேநீர் ஆறியது. ஒரு துணைக்குழு பிறந்தது. அதைக் கண்காணிக்க இன்னொன்று பிறந்தது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் காஜாங்கிலிருந்து வந்த புது உறுப்பினர் ஷாமினி, பையிலிருந்து தன் கேமராவை எடுத்து மேசையில் வைத்தாள்.

“அங்கிள், இதுல கண்ணாடி இல்ல, அதனால மிரர்லெஸ். சென்சாரும் பெருசு, அதனால ஃபுல் ஃப்ரேம். ரெண்டும் ஒண்ணுலயே இருக்கு. உங்க கேள்வியே தப்பு லா.”

மாரிஸ் வேகமாகக் கணக்குப் போட்டார். கேள்வி தீர்ந்தால் மன்றம் தீரும். மன்றம் தீர்ந்தால் தன்னைத் ‘தலைவரே’ என்று கூப்பிட இந்த உலகில் யார் இருக்கிறார்கள்? ‘தெளிவு ஏற்படுத்திக் குழப்பம் விளைவித்த’ குற்றத்துக்காக ஷாமினி ஏகமனதாக நீக்கப்பட்டாள்.

உறுப்பினர்களுக்குக் கறிபாப் பலகாரம் கொண்டுவந்திருந்த மகதலேனா, வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவை வைத்துவிட்டு, ஷாமினியோடு படியிறங்கினாள்.

“கண்ணு, நீ சபா போயிருக்கியா?”

“அடுத்த மாசம் போறேன் ஆன்டி. வரீங்களா?”

அடுத்த மாதம் ஒரு காலையில், மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு மகதலேனாவின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. பின்னால் மலை ரோஜா நிறத்தில் விடிந்துகொண்டிருந்தது. முன்னால் மகதலேனா, தலைமுடி பறக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மன்றம் உடனே கடமையில் இறங்கியது.

“ஓரத்துல கொஞ்சம் மங்கல்,” என்றார் லோகன்.

“வானத்துல புள்ளி புள்ளியா இருக்கு,” என்றார் குரு.

மாரிஸ் வெகுநேரம் பார்த்தார். அவள் இப்படிக் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. ஆனாலும் தலைவர் அல்லவா? தேறிக்கொண்டு, லென்ஸ் நீங்கலாகக் கேமராவை மட்டும் குறிக்கும் அந்தக் கலைச்சொல்லால், முறைப்படி வினவினார்:

“எந்த பாடி?”

பதில் உடனே வந்தது.

“அம்பத்தாறு வயசு பாடி. முட்டி ரெண்டும் தேஞ்சுபோச்சு. இந்த மாடல் இனிமே வராது. பக்கத்துல இருந்தப்பவே பாத்திருக்கணும்.”