குண்டூசி தாண்டிய நாலு விரல்

இனிமேல் ஸ்கூட்டர் சாவியைக் கையால்கூடத் தொடுவதில்லை என்று தையல்காரர் சபதம் எடுத்து முழுசாக ஒரு வருஷம் ஆகியிருந்தது. சும்மா எடுத்த சபதமா? லைசென்ஸுக்காக நாலு தடவை எட்டுப் போடப் போனார். நாலு தடவையும் கடைசி வளைவில் காலைத் தரையில் ஊன்றினார். ஊன்றினால் ஃபெயில். கூடப் போன வீட்டம்மா ஒரே தடவையில் எட்டுப் போட்டு லைசென்ஸோடு வந்துவிட்டாள். அன்றிலிருந்து தைத்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க அவள் வண்டி ஓட்டுவாள், இவர் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்காருவார். தெருவில் பார்க்கிறவர்களுக்கு எது மூட்டை, எது மனுஷன் என்று தெரியாது.

வீட்டம்மாவுக்கு அலுத்துவிட்டது. காஜா எடுப்பதும் அவள், பட்டன் கட்டுவதும் அவள், வண்டியும் அவளேவா? இன்னொரு தடவைதான் போய்ப் பாருங்களேன் என்று தினமும் கேட்பாள். இவரும் தினமும் காது கேட்காத மாதிரி மிஷினை மிதிப்பார்.

ஒரு சாயங்காலம் அவள் அப்படிக் கேட்டபோது கொல்லையில் தொப்பென்று ஒரு சத்தம். விழுந்தது அவர்களுடைய ஒன்பது வயது மகள். வகுப்பிலேயே குள்ளம் என்பதால் வீட்டிலும் வெளியிலும் அவள் குண்டூசி. பள்ளிக்கூடத்தில் உயரம் தாண்டும் அணியில் சேர ஒரு மீட்டர் தாண்ட வேண்டும். தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. துணி காயப்போடும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே எலாஸ்டிக் நாடா கட்டி, அந்தப் பக்கம் வெட்டுத்துணி மூட்டைகளைப் பரப்பி, வீட்டில் கிடந்த பழைய டேப்பால் நூறு சென்டிமீட்டர் அளந்து குதித்துக்கொண்டிருந்தாள். நாடாவில் கால் பட்டால் சுவரில் கரியால் ஒரு கோடு. அன்றைக்கே இருபது கோடு ஆகியிருந்தது.

"அவ அந்த நூறைத் தாண்டட்டும், நான் அஞ்சாவது தடவை எட்டுப் போடறேன்" என்றார் தையல்காரர். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"தேர்வுல தாண்டினா?" என்று கேட்டாள் வீட்டம்மா.

"தேர்வுல தாண்டினா."

அவள் சிரித்துக்கொண்டே காஜா எடுக்கப் போய்விட்டாள். அதிலேயே இவர் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் வாரம் நிம்மதியாகப் போனது. இரண்டாவது வாரம் எட்டிப் பார்த்தவருக்குப் பகீரென்றது. நாடாவில் குண்டூசியின் கால் கட்டைவிரல் நுனி மட்டும்தான் படுகிறது! இன்னும் ரெண்டு நாளில் தாண்டிவிடுவாள். கடைசி வளைவு கண் முன்னால் வந்து நின்றது.

தையல்காரர் மூளைக்கா பஞ்சம்? மத்தியானம் வீடு காலியாக இருந்தபோது அந்தப் பழைய டேப்பை எடுத்தார். நாற்பத்தொன்பதில் வெட்டினார். வேறொரு டேப்பிலிருந்து ரெண்டு விரல் அகலத் துண்டை நறுக்கி நடுவில் வைத்து, இழை தெரியாமல் தைத்துச் சேர்த்தார். நாற்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்பது வரை இரண்டு தடவை வந்தது. வந்தால் என்ன? குழந்தை பார்ப்பது நூறு எங்கே வருகிறது என்பதை மட்டும்தானே. தோற்றால் ரெண்டு நாளில் விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டார். அவர் அப்படித்தானே விட்டார்.

மறுநாள் தொப். அதற்கு மறுநாள் தொப், தொப். "நேத்து கிட்ட வந்தேனேப்பா, இன்னிக்கு என்னாச்சு?" என்று குண்டூசி யோசித்தாள். பிறகு அவளே, இன்னும் ரெண்டு எட்டு பின்னாலிருந்து ஓடி வரணும் போல என்று சொல்லிக்கொண்டு போனாள். முழங்கை சிராய்த்தது. குழாயில் கழுவிவிட்டு மறுபடி ஓடினாள். மிஷினில் உட்கார்ந்திருந்தவருக்குத் தையல் கோணிக்கொண்டு போனது. சே, நீயெல்லாம் ஒரு அப்பனா என்று மனசு குத்தியது. ஒரு நாள் பிளேடும் கையுமாக டேப்பைப் பிரிக்கவே போய்விட்டார். வீட்டம்மா வந்து நின்று என்ன தேடுகிறீர்கள் என்றாள். நூல் என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

தேர்வன்று காலை சுவரில் அறுபத்து மூன்று கோடு. வீட்டில் ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. மைதானத்தில் கம்பைப் பார்த்த குண்டூசி, "அப்பா, இது நூறா? குட்டையா இருக்கே" என்றாள். இவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஓடி வந்தாள். பாதியில் சறுக்கி விழுந்தாள். மைதானமே சிரித்தது. எழுந்தாள், முட்டியைத் தட்டிக்கொண்டாள், பின்னால் போய் நின்றாள். அந்த நிமிஷம் தையல்காரருக்கு எட்டும் மறந்தது, லைசென்ஸும் மறந்தது. மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று, "தாண்டுடி என் தங்கமே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவள் பறந்தாள். கம்புக்கும் அவளுக்கும் நடுவே நாலு விரல் காற்று. இவர் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடி மகளைத் தூக்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

சந்தோஷம் கொஞ்சம் இறங்கியதும் வீட்டம்மாவிடம் கட்டிய பந்தயம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரகசியத்தை உடைத்தார். டேப்பை நீட்டியது தான்தான், பயிற்சி தந்த குரு தான்தான், தன் உதவியில் தாண்டியது கணக்கில் வராது, அதனால் பந்தயம் ரத்து.

"நீங்க வச்சது ரெண்டு விரல். அவ தாண்டினது நாலு" என்றபடி வீட்டம்மா டேப்பைக் கையில் கொடுத்தாள். நாற்பத்தாறு இரண்டு தடவை வந்தது, சரி. மேலே போனால் எழுபத்தாறிலிருந்து எழுபத்தொன்பது வரையும் இரண்டு தடவை வந்தது. இவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார், நகத்தால் வருடிப் பார்த்தார். இணைப்பு எங்கே என்றே தெரியவில்லை.

"உங்க தையல் அன்னிக்கே என் விரல்ல தட்டுப்பட்டுடுச்சுங்க. விழுந்தா அவ விடமாட்டான்னும் எனக்குத் தெரியும்."

அடுத்த வாரம் அஞ்சாவது எட்டு. முதல் வளைவு ஆச்சு, இரண்டாவது ஆச்சு, கடைசி வளைவில் கால் தரைக்கு வந்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவரின் கையைக் குண்டூசி பிடித்துக்கொண்டாள். "அஞ்சுதானேப்பா ஆச்சு? எனக்கு அறுபத்து மூணு."

தையல்காரர் அவளைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்னொரு ஃபாரம் கிடைக்குமா என்று தானே கேட்டார்.

வீட்டம்மா கைப்பையைத் திறந்து ஃபாரக் கட்டு ஒன்றை எடுத்தாள்.

"இப்போதைக்குப் பத்துதான் வாங்கி வச்சேன். பத்தலேன்னா அப்புறம் பார்த்துக்கலாம்."