பூச்சி மாமி எழுதிய அந்துப்பூச்சி

ஒரு கரப்பானைப் பார்த்துத் தெப்பக்குளம் வரை கேட்கும்படி அலறிவிட்டு, அடுத்த நிமிடமே செத்த அந்துப்பூச்சியின் வயிற்றை ஊசியால் பிரிக்க உட்காரக்கூடிய பிறவி உலகத்திலேயே ஒன்றுதான். எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தின் பூச்சி மாமி; அந்த அலறலால் வந்த பெயர்தான் அது.

மாமிக்கு ஒரே பிள்ளை, கார்த்திக். லீவு கிடைத்தால் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போய், வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்து அந்துப்பூச்சி பிடிப்பான். "பொண்ணு பாருடான்னா பூச்சி பாக்கறான்" என்று மாமி படிக்கட்டில் எதிர்ப்படுகிற எல்லோரிடமும் புலம்புவார். போன மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும்போது அவன் வந்த ஜீப் உருண்டுவிட்டது. காரியங்கள் முடிந்த பிறகு அவன் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே ஒரு டப்பா நிறையப் பூச்சிகள்.

அவற்றில் நாலு, பாசி நிறத்தில், இறக்கை ஓரத்தில் செம்புக் கோட்டோடு, இதுவரை யாரும் பார்த்திராத மாதிரி இருந்தன. நாங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்த பெங்களூர் பூச்சி ஆராய்ச்சியாளர் ஒருவர், "புது இனம்தான்னு தோணுது. ஆனா யாராவது உட்கார்ந்து விவரமா கட்டுரை எழுதினாத்தான் அதுக்குப் பேர் வைக்க முடியும்மா" என்றார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் கணக்கெழுதி ரிடையரான மாமி, "நான் எழுதறேன். நீங்க சொல்லிக்கொடுங்கோ" என்றார்.

அத்தோடு அடுக்ககத்தின் நிம்மதி போயிற்று. மாமி வீட்டு ஃப்ரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் பூச்சி டப்பா. கரப்பானுக்கு மருந்தடிக்க வந்தவரை, மருந்து டப்பாவில் பட்டுவிடும் என்று மாமி துடைப்பத்தோடு வாசலிலேயே மறித்தார்.

"இன்னா மாமி, ஊரே பூச்சிய சாவடிக்கச் சொல்லுது, நீ இன்னாடான்னா அதுக்குக் காவல் நின்னுகினு கீற!"

அவர் இறங்கிப் போய்விட்டார். கட்டடத்துக் கரப்பான்கள் அத்தனையும் மாமி வீட்டில் அடைக்கலம் புகுந்தன. மாமி அலறிக்கொண்டே ஆராய்ச்சி செய்தார்.

ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, காதோடு கிசுகிசுத்தார்.

"என்ன கண்றாவிடி இது! இறக்கையை மட்டும் வெச்சு இனம் சொல்ல முடியாதாம். ஆம்பளைப் பூச்சியோட... அந்த இடத்தைப் பிரிச்சுப் படம் வரையணுமாம்."

"செய்யப் போறீங்களா மாமி?"

"வரைஞ்சாச்சு. யாராவது பாத்துடப் போறான்னு பெருமாள் படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்கேன்."

நான் சிரித்தேன். மாமியும் சிரித்தார், கார்த்திக் போனபிறகு முதல் தடவையாக. சிரித்துக்கொண்டே அழுதார்.

கடைசியில் ஒரே ஒரு வரி பாக்கி: எங்கே கிடைத்தது, என்றைக்கு, யார் சேகரித்தது. தேதி, விபத்துக்கு முந்தைய நாள்.

"இதை மட்டும் நீ அடிச்சுடுடி. எனக்குக் கை ஓடலை."

நான் தட்டச்சு செய்து முடிக்கும்வரை மாமி சுவரைப் பார்த்து நின்றார்.

கட்டுரை வெளிவந்த அன்று ஃபோனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். பூச்சிக்கு மகன் பெயரையே, லத்தீன் வழக்கப்படி மாற்றி வைத்திருந்தார்: 'கார்த்திகி'. அதை ஒட்டி, 'ஜானகி' என்று இருந்தது.

"ஜானகி யாரு மாமி?"

"நான்தான்டி. இத்தனை வருஷமாப் பூச்சி மாமின்னே கூப்பிட்டுண்டு இருந்தா எப்படித் தெரியும்? எழுதினவா பேரைப் பூச்சி பேருக்குப் பக்கத்துலயே போடறது வழக்கமாம். இனிமே புஸ்தகத்துல இவன் பேர் வர்ற இடத்துல நானும் கூட இருப்பேன். எங்கே, படி."

"கார்த்திகி..." நிறுத்தி மாமியைப் பார்த்தேன். "ஜானகி."

"நடுவுல நிறுத்தாதே" என்றார்.

மூச்சை இழுத்துக்கொண்டு, இரண்டு பெயரையும் சேர்த்துப் படித்தேன்.