பொறிக்குத் தடை

மெய்யூர் என்றொரு நாடு. அங்கே வீட்டுக்கு வீடு உலை. உலைக்குத் தீனி சர்க்கரை. உலை எரிந்தால்தான் ஊர் நடமாடும். எரிகிற உலையிலிருந்து பொறி பறக்கும், பறந்தது கூரையைப் பொசுக்கும். பொறியைப் பிடிப்பதற்கென்றே வலைவீரர் படை ஒன்று இருந்தது. தலைவி மாதங்கி. அடேயப்பா, அந்த அம்மாளின் கைவேகம்! ஆனாலும் எல்லாப் பொறியையும் பிடிக்க மாட்டாள், கொஞ்சத்தை மேலே விடுவாள். பகைவன் புகுந்த தெருவில் உலைகள் கூடுதலாகப் பொறி கக்கும். பொறி எங்கே அதிகமோ அங்கே ஆபத்து என்று கோட்டைக் காவலர்கள் ஓடிவருவார்கள். அந்த நாட்டு வழக்கம் அது.

மன்னர் தீனிவர்மர் உலைகளுக்குச் சர்க்கரையை இரட்டிப்பாக்கினார். நாடு வளர்கிறது என்று முரசறைந்தார்கள். பொறி தாறுமாறாகப் பறந்தது. ஒன்று மன்னரின் பட்டுச் சால்வையிலேயே ஓட்டை போட்டது. சர்க்கரையைக் குறைக்க வேண்டியதுதானே? குறைக்கவில்லை. பொறிக்குத் தடை வந்தது.

"ஒரு பொறிகூட வெளியே தெரியலாகாது. பொறி என்பது அரசின் மீதான புகார்," என்றார் அமைச்சர் மங்களராயர்.

"சர்க்கரையைக் கொறைங்கய்யா, பொறி தானா அடங்கும்," என்றாள் மாதங்கி. "மொத்தத்தையும் பிடிச்சுட்டா காவக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

"அம்மணி, தெரியாமல் இருப்பதற்குப் பெயர்தான் அமைதி."

வெளிநாட்டு வலைகள் வண்டி வண்டியாக வந்து இறங்கின. பொறி மறைந்தது. அமைதிக்கு விழா எடுத்தார்கள். விழா அன்றுதான் கிருமிப்படை தென்தெருவில் புகுந்து, உலைகளை ஒவ்வொன்றாக அணைத்தது. காவலர்கள் கோட்டைமேல் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆணையை மீறினால் மாதங்கியின் தலை போகும். மீறாவிட்டால் தெருவே போகும்.

"வலையை இறக்குங்கடா!" என்று கத்தினாள்.

பொறி வானத்துக்கு எழுந்தது. காவலர்கள் பாய்ந்து வந்தார்கள். தெரு பிழைத்தது. அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.

மறுநாள் விசாரணை. மங்களராயர் தொண்டையைக் கனைத்தார். "பகைவன் இருந்த இடத்தில் பொறி இருந்தது. ஆகவே, பொறிதான் பகைவனை அழைத்து வந்தது. தலைவிக்குச் சிறை."

சபை கைதட்டியது.

அவள் பதவிக்கு அமைச்சரின் மைத்துனர் வந்தார். எல்லாப் பொறியையும் பிடிக்கச் சொன்னார். ஒரு வலையும் எழவில்லை.

"எங்க அம்மா பிடிக்கச் சொன்ன மாதிரிதான் பிடிப்போம். வேணும்னா எங்களையும் உள்ள போடுங்க," என்றார்கள் வலைவீரர்கள்.

அத்தனை பேருக்கும் சிறையில் இடமில்லை. அன்று மாலை தென்தெருவுக்கு மேலே கொஞ்சம் பொறி பறந்தது.

மெய்யூர் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? நெஞ்சில் கைவைத்துப் பாருங்கள், உலைச்சூடு தெரியும். அரண்மனை எங்கே என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது.