திட்டு வாங்கிப் படித்த தெலுங்கு

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே, ஏன், மதராஸ் ராஜ்யத்திலேயே, ஒரு பாஷையை முழுக்க முழுக்கத் திட்டு வாங்கியே கற்றுக்கொண்ட மனிதர் எங்கள் பார்சல் நாயுடு ஒருவராகத்தான் இருக்க முடியும். ஸ்டேஷனில் பார்சல் கிளார்க், அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைத் தெருவில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

ஐம்பதுகளின் நடுவில் நான் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தேன். நாயுடு குடியிருந்த வீட்டின் மாடி அறையில் என் வாசம். கீழே தும்மினால் மேலே கேட்கும். ஆகவே இந்த விவகாரத்துக்கு நான் பாதி கண்ணால் கண்ட சாட்சி, மீதி காதால் கேட்ட சாட்சி.

பெயர்தான் நாயுடுவே தவிர, அவருக்குத் தெலுங்கில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. தாத்தா காலத்திலேயே அந்தக் குடும்பத்தில் தெலுங்கு தேய்ந்து போய்விட்டது. நெல்லூரில் இருந்த தூரத்து அத்தை ஒருத்தி அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டாள். பெண் ரமணம்மா. தாயில்லாப் பெண், அப்பா வளர்த்தவள், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பெண் பார்க்கிற இடத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் பேசிக்கொள்கிற வழக்கம் அப்போது ஏது? இருவரும் வாய் திறக்காததைப் பார்த்து, ரொம்ப அடக்கம் என்று இரண்டு வீட்டாரும் சந்தோஷப்பட்டார்கள். பேசுவதற்கு பாஷையே இல்லை என்பது செங்கல்பட்டில் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

நாயுடு சும்மா இருக்கவில்லை. மதராசிலிருந்து தெலுங்குப் பாடப் புத்தகம் ஒன்று வரவழைத்தார். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், அதிலிருந்த முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்து கம்பீரமாகச் சொன்னார். "ஆற்றங்கரையில் யானை நிற்கிறது." ரமணம்மா குழம்புக் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். யானையும் இல்லை, ஆறும் இல்லை. திரும்பி வந்தவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். பேச்சுத்துணை இல்லாத ஊரில் கட்டிய புருஷன் வாயைத் திறந்ததே பொய் சொல்ல என்றால் யாருக்குத்தான் அழுகை வராது?

அந்தச் சமயத்தில்தான் கூடூரிலிருந்து ஓர் எலுமிச்சை வியாபாரி பார்சல் ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். மூட்டைகளை எடுக்க அவரே தாமதமாக வந்துவிட்டு, பழம் வாடியதற்கு நாயுடுவைப் பிடித்துக்கொண்டார். மத்தியானம் முழுக்கத் தெலுங்கில் அர்ச்சனை. அன்று சாயங்காலம் நாயுடு மாடிப்படி ஏறி என்னிடம் வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"சார், அந்த ஆளு திட்டினது அத்தினியும் புரிஞ்சிச்சு சார்!"

"திட்டினதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"பின்ன? நல்லபடியா பேசறவன் ஒரு தபா சொல்லிட்டுப் பூடுவான். கோவத்துல கீறவன் அப்டி இல்ல. ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்றான். கையக் கால ஆட்டிக் காட்றான். நமக்குப் புரியற வரிக்கும் வுடமாட்டேன்றான். இவன வுட நல்ல வாத்தியார் எங்க சார் கெடைப்பான்?"

மறுநாள் முதல் நாயுடு தெலுங்குக்காரர்களைத் தேடித் தேடி வம்பு வளர்த்தார். கயிறு சரியில்லை என்பார், விலாசம் கோணல் என்பார். அவர்கள் கத்துவார்கள், இவர் பக்தியோடு கேட்டுக்கொள்வார். பிறகு அதே வார்த்தைகளை அடுத்த ஆளிடம் பிரயோகம் செய்து பார்ப்பார். அந்த ஆள் அடிக்க வந்தால் உச்சரிப்பு சரி என்று அர்த்தம்.

இங்கே ரமணம்மாவுக்கும் ஒரு பள்ளிக்கூடம் அமைந்தது. எங்கள் தெருக்குழாய். அங்கே இட்லிக்கார கன்னியம்மா வைத்ததுதான் சட்டம்.

"இன்னாமே, நேத்து வந்தவ நீ, முன்னாடி கொடத்த வெச்சுகினு நிக்கிற? பின்னால போமே!"

ரமணம்மா முதலில் மிரண்டாள், பிறகு கவனித்தாள், அதன் பிறகு குடத்தை நகர்த்தாமல் நின்று பதில் சொல்ல ஆரம்பித்தாள். ஆடி மாதம் பிறப்பதற்குள் கன்னியம்மாவே இரண்டடி ஒதுங்கி வழிவிட்டதை நான் பார்த்தேன்.

இதன் விளைவு என்னவென்றால், அந்த வீட்டில் அவர் தெலுங்கு பேசினார், அவள் தமிழ் பேசினாள். இரண்டுமே சண்டைப் பாஷை. ஒருவருக்காக ஒருவர் கற்ற பாஷையில் வேறு வார்த்தை இருவரிடமும் கைவசம் இல்லை.

சாயங்காலம் வந்து கதவைத் தட்டுவார். "கதவைத் திறக்க இவ்வளவு நேரமா? மேலதிகாரிக்கு எழுதிப் போடுவேன்!" என்று தெலுங்கில் இரைவார்.

"வந்துட்டாரு, பெரிய இவுரு! லைன்ல வாய்யா! அல்லாருக்கும் அப்பாலதான் உனுக்கு!" என்று தமிழில் பதில் வரும். வீட்டில் இருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான். அடுத்த நிமிஷம் தட்டு வைக்கும் சத்தமும் சிரிப்பும் கேட்கும்.

ஒருமுறை அவளுக்குக் கடும் ஜுரம். மருந்து வாங்கிக்கொண்டு நான் உள்ளே போனபோது, நாயுடு ஈரத்துணியால் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர். வாயோ, "சரக்கு இந்த நிலைமையில் இருக்கிறதென்று முன்னாலேயே ஏன் சொல்லவில்லை?" என்று தெலுங்கில் அதட்டிக்கொண்டிருந்தது. ஜுரத்திலும் அவள் சிரித்தாள்.

எங்களுக்குப் பழகிவிட்டது. வெளியூர்க்காரருக்கு எப்படிப் பழகும்? ரமணம்மாவின் சித்தப்பா மாமல்லபுரம் பார்க்க வந்தார். நாயுடு எல்லாரையும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் அழைத்துப் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். கடற்கரைக் கோயில் பக்கத்தில் ரமணம்மா அலையில் காலை வைத்ததும் நாயுடு பதறிப் போனார்.

"நீகு புத்தி உந்தா? போனால் போனதுதான்! நஷ்ட ஈடு உங்கப்பனா கொடுப்பான்?"

"உன் வூட்டுத் தண்ணியா? நான் நின்னா உனுக்கு இன்னா வலிக்குது?"

சித்தப்பாவுக்குத் தெலுங்கு புரிந்தது, தமிழின் சுருதி புரிந்தது. கோயிலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நெல்லூருக்கு ரயிலேறிவிட்டார்.

அடுத்த வாரம் ரமணம்மாவின் அப்பா வந்து நின்றார். பெண்ணை அழைத்துக்கொண்டு போகத்தான். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். புருஷனுக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்து அவர் எதையும் நம்பவில்லை. அவரே அவளுடைய டிரங்குப் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வைத்தார். நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். நாயுடு வேலையிலிருந்து ஓடி வந்தார்.

பெரியவர் நிதானமாகத்தான் கேட்டார். "மாப்பிள்ளை, என் பெண்ணைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். கேட்டுவிட்டு நான் பாட்டுக்குப் போய்விடுகிறேன்."

நாயுடுவுக்கு வேர்த்து வழிந்தது. பாவம், பார்சல் கவுண்ட்டரில் எந்தப் புண்ணியவான் நல்ல வார்த்தை பேசினான், இவர் கற்றுக்கொள்ள? கடைசியில், இருந்ததை எடுத்து விட்டார். "டெலிவரி எடுத்தாகிவிட்டது. இனிமேல் திருப்பித் தர முடியாது. யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள்!"

பெரியவர் பெட்டியைத் தூக்கிவிட்டார். அப்போது ரமணம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்தின் நடுவே வந்தாள். நாயுடுவைப் பார்த்து அவள் போட்டது, கன்னியம்மாவே கைகட்டி நிற்கும்படியான குரல்.

"யோவ்! நான் இன்னா உனுக்கு பார்சலா?"

"அவள் என்ன சொல்கிறாள்?" என்றார் பெரியவர்.

எனக்குத் தெலுங்கு கேட்டால் புரியும், பேச வராது. அவளை விட்டால் பதில் சொல்ல நாயுடு ஒருவர்தான். நாணயமான மனிதர். வாங்கிய திட்டை ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தார். "அவள் என்ன பார்சலா என்று கேட்கிறாள்."

"காலைலேர்ந்து துன்னாம சுத்திகினு கீறியே, உனுக்கு அறிவு கீதா?"

"நான் காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். எனக்கு அறிவு இல்லையாம்."

"நான் பூட்டா உன்னாண்ட யாருய்யா சண்ட போடுவாங்க? நாதியில்லாம நிப்ப! நான் எங்கியும் போவ மாட்டேன், போ!"

நாயுடு இதையும் சொல்ல ஆரம்பித்தார். "அவள் போய்விட்டால் என்னோடு..." என்றவர் பாதியில் நிறுத்திச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெரியவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியை மெல்லக் கீழே வைத்தார். "எங்கள் வீட்டில் இவள் வாய் திறந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்டதில்லை" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. நேரே போய்க் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

சாயங்காலம் அவரை ரயிலேற்றிவிட்டு வந்த நாயுடு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார்.

"சார்! வண்டி கெளம்பறப்போ, ஒரு வருசமா ஊர்ப்பக்கம் ஏன்டா வரலன்னு மாமா என்னைத் திட்டிட்டாரு சார்!"

எனக்கும் பிறகு கல்யாணம் ஆயிற்று. நானும் என் மனைவியும் ஒரே பாஷைக்காரர்கள், எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. எப்போதாவது அவள் மனத்தாங்கலில் பேசாமல் இருந்துவிட்டால், எனக்கு நாயுடு மேல் பொறாமையாக இருக்கும். எழுந்து உள்ளே போய், "ஏதாவது திட்டேன்" என்று கேட்பேன்.